எதிரணித் தலைவர்

பிளாஸ்க்கில் ஊற்றிய பால் அவ்வளவு சீக்கிரம் ஆறாது என்று வேதவல்லிக்குத் தெரியும். இருந்தும் மடியில் கிடந்த அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. பனங்கற்கண்டு, தட்டிப் போட்ட மிளகு, ஒரு சிட்டிகை மஞ்சள். பேச்சின் நடுவில் பஜனைக்காரர்கள் ஒரு பாட்டு எடுப்பார்கள். அந்த நேரத்தில் அவள்தான் மேடையேறி வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும், மேடையில் கதை சொல்கிற அவள் புருஷன் தாமோதரன் வாங்கமாட்டார். தொண்டைதான் அவருக்குச் சொத்து, அந்தச் சொத்துக்கு அவள் காவல்காரி. கல்யாணமான நாளிலிருந்து ஊர் ஊராக, கோயில் கோயிலாக, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இது சொந்த ஊர், துறையூர், பெருமாள் கோயில் தெருப் பந்தல். தெரிந்த முகங்கள். பிளாஸ்க்குக்குப் பக்கத்தில், டம்ளர் துடைக்கிற துண்டுக்குள், போன் இருந்தது. அது அடிக்கவில்லை. அடிக்காமலே சுட்டது. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள் அவளுடைய பாப்பா, கட்டிக்கொடுத்த மகள் தேன்மொழி. காலையில் கழுத்தைத் திறக்கப்போகிறார்கள். கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். எடுத்த பிறகு குரல் இப்படியே இருக்கலாம், மாறலாம், இல்லாமலும் போகலாம், முன்னாடியே சொல்லிவிடுகிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம் டாக்டர். மத்தியானம் பாப்பா போனில் சொன்னாள். "அம்மா, எட்டு மணிக்குப் போனை வாங்கி வச்சிருவாங்க. அதுக்குள்ள அப்பாகிட்ட ஒரு தடவை பேசணும். இந்தக் குரல்லயே பேசணும். வேற ஒண்ணும் வேண்டாம்மா, நான் அப்பான்னு கூப்பிடணும், அவர் என்னன்னு கேக்கணும், அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்றாள். அவ்வளவு.

மேடையில் இலங்கை வேந்தன் வரம் கேட்டுக்கொண்டிருந்தான். தாமோதரன் அவன் பெயரைச் சொல்லமாட்டார், இலங்கை வேந்தன் என்றுதான் சொல்வார், சொல்லும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார். தேவர்களால் சாகக்கூடாது, அசுரர்களால் சாகக்கூடாது, நாகத்தால், பறவையால் சாகக்கூடாது, என்று விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். கூட்டம் அந்த விரல்களையே பார்த்தது. "மனுஷனைக் கேட்டானா? கேக்கலை. ஏன் கேக்கலை? மறந்தா போயிட்டான்? பத்துத் தலை இருக்கிறவனுக்கா ஞாபகமறதி? மனுஷனெல்லாம் ஒரு ஆளா, அவனை எதுக்குக் கணக்குல சேக்கணும்னு விட்டான்யா! விட்ட அந்த ஒண்ணுதான் வில்லைத் தூக்கிட்டு வந்து நின்னுச்சு!" கைதட்டல். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் அவர் படம் பெருமாள் படத்தைவிட ஒரு சாண் பெரியது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரே பார்த்துச் சொல்லி மாற்றினது அது. பெருமாளுக்கு விளம்பரம் எதுக்குய்யா, என்று அப்போதும் ஒரு நகைச்சுவை சொன்னார், அச்சகத்துப் பையன்கள் சிரித்தார்கள். விட்டுப்போன ஒன்று. வேதவல்லியின் மனசு அந்த இடத்தில் சேலை முள்ளில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. தேன்மொழியின் கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொன்னார். சம்பந்தி வீட்டாருக்கு, மண்டபத்து மேனேஜருக்கு, மேளக்காரருக்கு, சாம்பார் நன்றாக வைத்த பரிசாரகருக்குப் பெயர் சொல்லி நன்றி. தாரை வார்க்கும்போது பெண்ணின் கையைப் பிடித்தார், கண்ணைப் பார்க்கவில்லை. மணமகள் பெயரைத் தவிர மண்டபத்தில் இருந்த எல்லார் பெயரும் அன்றைக்கு அந்த மைக்கில் வந்தது. பத்திரிகையில் போட்டிருந்ததோ, தேன்மொழி என்று பொன்னெழுத்தில், அவரே வைத்த பெயர், நாலு நாள் யோசித்து வைத்த பெயர். பேசினால் தேன் சொட்டணும் என்று.

அது நன்றாகத்தான் சொட்டியது. அதுதான் வினை. பேச்சு கற்றுக்கொடுத்தவரே அவர்தான். சின்ன வயசில் நாற்காலிமேல் நிற்கவைத்து, எங்கே நிறுத்தணும், எங்கே குரலை இறக்கணும், ஜனம் சிரிக்கும்போது எப்படிக் காத்திருக்கணும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அப்பாவும் மகளும் ஒரே மேடையில் எதிரெதிர் அணி என்றால் அந்த நாளில் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் டிராக்டர் வைத்துக்கொண்டு வருவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நடந்த கடைசிப் பட்டிமன்றம் இதே தெருவில்தான், இதே பந்தக்கால் நட்ட இடத்தில். காவியங்களில் அழிவுக்குப் பெரிய காரணம் வில்லனின் செருக்கா, நாயகனின் செருக்கா? வில்லன் பக்கம் அவர். நாயகன் பக்கம் அவள். "வில்லனோட கர்வம் அவன்கூடவே எரிஞ்சு சாம்பலாப் போச்சு நடுவர் அவர்களே. நாயகனோட கர்வத்துக்குத்தான் நாம சந்தனம் பூசி, மாலை போட்டு, மானம்னு ஒரு பேரு வச்சு, வீட்டுக்குள்ள கொண்டாந்து உக்கார வச்சிருக்கோம்." நடுவர் சும்மா இருந்திருக்கலாம். அந்த மனுஷன் வாயைப் பிடுங்கினார், "வீட்டுக்குள்ளன்னு சொல்றீங்களேம்மா, எந்த வீட்டுல? உதாரணம் வேணும்ல?" பாப்பா அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே ஒரு மூச்சு நிறுத்தினாள். குரலை இறக்கினாள். "தூரமாப் போக வேண்டாம் நடுவர் அவர்களே. எதிரணித் தலைவரே இருக்காரே." ஐயோ, அந்தச் சிரிப்பு. பந்தல் ஓலை பறந்துபோகிற மாதிரி. தாமோதரனும் சிரித்தார், எல்லாருக்கும் முன்னால் அவர்தான் சிரித்தார், மேடைக்காரர் அல்லவா. தீர்ப்பு அவள் பக்கம் போனது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். அன்றைக்கு வாயை மூடினவர்தான் மகளிடம். "அதே மேடையில ஏறி மன்னிப்புக் கேக்கட்டும், பேசறேன்." மகள், "நான் பேசினது தலைப்பும்மா. அதுல எது பொய்யின்னு அவர் சொல்லட்டும், கேக்கறேன்." நடுவில் ஒருத்தி, இங்கே வந்து அதைச் சொல்லி, அங்கே போய் இதைச் சொல்லி, இரண்டையும் பாதியாக்கிச் சர்க்கரை தடவிச் சொல்லி. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று சொன்னால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே அது.

"உங்களுக்கென்னக்கா, குடுத்து வச்சவங்க," என்று காதருகில் சொன்னாள் பரிமளா, எதிர் வீட்டுக்காரி, பக்கத்து நாற்காலியில் தாலாட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டு. "நாங்க வருஷத்துக்கு ஒருக்காக் கேக்கறோம். நீங்க தினமும் வீட்டுலயே கேக்கலாம்."

"ம்."

"எங்க வீட்டுக்காரருக்கு வாயைத் திறந்தா காப்பி, சாப்பாடு. வேற வார்த்தை வராது."

"அது போதும்டி," என்றாள் வேதவல்லி. பரிமளா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவள் தொடையில் தட்டினாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தாமோதரன் சாய்வு நாற்காலியில் படுத்து இன்றைய பேச்சுக்குக் குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி என்றாள், கழுத்து என்றாள், குரல் போனாலும் போகுமாம் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஒரு நொடி அவள் பெருமாளே என்று நினைத்தாள், முகத்தில் ஏதோ ஒன்று இளகி வந்தது, வந்ததை அவள் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். உடனே வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அவ மேடையிலதானே நல்லா பேசுவா. போன்ல என்ன பேச்சு." அப்புறம், "சாயந்திரம் பால் சூடா இருக்கட்டும். நேத்து ஆறிப்போயிருந்தது." அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தாள். அழுகை வரவில்லை, வந்திருந்தால் தேவலை. பத்துத்தலையானின் பெண்டாட்டியும் இப்படித்தான் நின்றிருப்பாள். புண்ணியவதி. ஒருதரம் சொன்னாள், இரண்டுதரம் சொன்னாள், வேண்டாமுங்க, அடுத்தவன் பொண்டாட்டி நெருப்புங்க என்றாள். அப்புறம்? அந்தப்புரத்துக்குப் போய் விளக்கேற்றினாள். பதிவிரதை என்று பெயர் வாங்கினாள். பிள்ளை செத்து வந்தான், அப்போதும் பதிவிரதை. பெயர் வாங்குவது எப்பேர்ப்பட்ட ருசி. பொறுமைக்கு வேதவல்லியைத்தான் சொல்லணும் என்று உறவுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்குமே, இல்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் ஒரு தலைதான். பதினோராவது.

வில்லன்களைத் திட்டுவது சுலபம். போன வருஷம் பெரிய சண்டைக் கதை சொன்னார், அண்ணன் தம்பி ஐந்து பேர் கதை. கூப்பிட்ட சூதாட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று பெண்டாட்டியைப் பணயம் வைத்தவனுக்குத் தர்மவான் என்று பெயர். நாளைச் சூரியன் சாய்வதற்குள் கொல்லாவிட்டால் தீயில் குதிப்பேன் என்று ஊரறியக் கத்தினவனுக்கு வீரன் என்று பெயர். கேட்பவன் வஞ்சகன் என்று தெரிந்தும், இல்லை என்ற சொல் என் வாயிலிருந்து வருவதா என்று நெஞ்சுக்கவசத்தை அறுத்துக் கொடுத்தவனுக்கு வள்ளல். அவர் சொல்லும்போது கூட்டம் உச்சுக்கொட்டியது. வேதவல்லிக்கும் அழுகை வந்தது. இன்றைக்கு நினைத்தால் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வேதவல்லி இருந்திருப்பாளே, பிளாஸ்க் இல்லாத குறைதான். இந்தக் கதையில் மட்டும் என்ன, ஜெயித்து முடித்துவிட்டு, அத்தனை குரங்குக்கும் அத்தனை அரக்கனுக்கும் நடுவில் அவளை நிறுத்திவைத்து, ஊர் என்ன சொல்லுமோ என்று நெருப்பைக் காட்டினானே, அதற்கு என்ன பெயர்? அவளிடம் எத்தனை மாசம் கழித்துப் பேசின முதல் பேச்சு அது? எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை, பெருமாளே, பெருமாளே. வேதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அபச்சாரம். ஆஸ்பத்திரியில் பிள்ளை கிடக்கும்போது சாமியையா பழிப்பது. ஸ்ரீரங்கத்தில் ஒரு அர்ச்சனைக்கு முடிந்து வைத்திருந்தாள் மஞ்சள் துணியில். குரலைக் கொடு, வேறு எதையாவது எடுத்துக்கொள், என் காதை எடுத்துக்கொள். காதை எடுத்துக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும்.

பஜனைக்காரர்கள் ஜால்ராவை எடுத்தார்கள். அவள் எழுந்தாள். மேடைப் படியில் கால் வைப்பதற்கு முன்னால் துண்டுக்குள் கைவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஒரு மணி கூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள் பாப்பா, கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். "இரு, குடுக்கறேன்," என்று மட்டும் சொன்னாள் வேதவல்லி. பாலை ஊற்றி டம்ளரை நீட்டினாள், அவர் வாங்கினார், குடித்தார், தொண்டையில் முடிச்சு ஏறி இறங்கியது. அந்த முடிச்சு இருக்கிற இடத்தில்தான் பாப்பாவுக்குக் கட்டி. துண்டோடு போனை நீட்டினாள்.

"என்னங்க. பாப்பா லைன்ல இருக்கா. என்னன்னு ஒரு வார்த்தை."

அவர் முதலில் கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் மைக்கைப் பார்த்தார், உள்ளங்கையால் அதை மூடினார். போனை மூடவில்லை. மைக் கேட்டுவிடக்கூடாது என்பதுதான் முதலில் தோன்றியிருக்கிறது. "மேடையில வந்து இதென்ன கூத்து? நான் அவளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சு. கீழ போ." டம்ளரை நீட்டினார். "கற்கண்டு போதலை."

அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள். நாற்காலி அதே சூட்டில் இருந்தது, அவ்வளவு சின்ன நேரம். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சின்னச் சின்ன எண்களாக நேரம் ஏறிக்கொண்டிருந்தது. காதில் வைத்தாள், மறுகாதைப் பொத்திக்கொண்டாள். பாப்பா மூச்சு விடுவது கேட்டது. பேசவில்லை. பேசாமலிருப்பதும் இந்தக் குரல்தானே, இதையும் கேட்டு வைத்துக்கொள்வோம் என்று இருந்தது வேதவல்லிக்கு. பாட்டு முடிந்தது. மேடையில் இலங்கை வேந்தனின் மூத்த பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தலையில்லாத உடம்பு. தாமோதரன் குரல் இறங்கியது. எங்கே இறக்கணும் என்று அவருக்குத் தெரியும். உலகத்தையே ஆட்டிவைத்தவன் இன்று தகப்பன் மட்டும்தான், என்றார். கர்வம் பிடித்தவனுக்கும் பெற்ற வயிறு எரியும், என்றார். கிரீடத்தைக் கழற்றுகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கீழே வைத்தார். "ஒரு வார்த்தை பேசுடா. அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிடுடா. இந்தப் பத்துத் தலையையும் தர்றேன், அந்த ஒரு வார்த்தையைக் குடுடா!" என்று கதறினார். நிஜமான கண்ணீர். கன்னத்தில் வழிந்து ஜிப்பாவில் விழுந்தது, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. பந்தலே தேம்பியது. பரிமளா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். தெருக்கோடி வரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், தெருக்கோடி வரை அவர் அழுதார்.

"அம்மா," என்றாள் தேன்மொழி காதுக்குள்.

"சொல்லும்மா."

"நல்லா அழறாருல்ல?"

வேதவல்லி மேடையைப் பார்த்தாள்.

"குரல் அப்படியே இருக்கும்மா அவருக்கு. கொஞ்சங்கூட மாறலை." அந்தப் பக்கம் யாரோ நர்ஸ் ஏதோ சொன்னாள். "வாங்கிக்க வந்துட்டாங்க. வச்சிடறேன். நீ பாலைக் குடுத்துட்டியா? சரி. வச்சிடறேன்மா." எண்கள் நின்றுபோயின.

எழுந்ததை அவள் தீர்மானிக்கவில்லை. கால்கள்தான் எழுந்தன. மங்கள ஆரத்திக்கு முன்னால் எழுந்து போகக்கூடாது, அதுவும் சொல்கிறவரின் சம்சாரம், அதுவும் யுத்தம் நடக்கும்போது. பிளாஸ்க்கை நாற்காலியிலேயே விட்டாள். அக்கா, பாத்ரூமா, என்று பரிமளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். இவள் நடந்தாள். நடுவழியில், ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள். மேடை விளக்கின் வெளிச்சத்தில் அவருக்குக் கூட்டம் இருட்டாகத்தான் தெரியும், யார் முகமும் தெரியாது, எழுந்து போகிற உருவம் மட்டும் தெரியும். யாராவது நடுவில் எழுந்தால் அவர் சொல்கிற ஒரு நகைச்சுவை உண்டு, எந்த ஊரிலும் அது தவறினதில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் குரல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. "அதோ! இலங்கையை விட்டு ஒருத்தர் கிளம்பிட்டார்! அண்ணனைப் பிடிக்காம போன தம்பியா, தங்கச்சியான்னு தெரியலை. போகட்டும் போகட்டும், அக்கரையில நல்ல இடமாப் பாத்து உக்காரட்டும்!" அழுதுகொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரிப்புக்கு மாறியது. கற்கண்டு போதாத தொண்டைக்கு அது ஒன்றும் மோசமில்லை. எத்தனையோ ஊரில் இந்த இடத்தில் அவளும் சிரித்திருக்கிறாள், எழுந்து போகிறவன் கூசிக் குறுகுவதைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குழாய்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தன, ஒரு கம்பம் விட்டால் அடுத்த கம்பம். திருச்சி வண்டி நின்றுகொண்டிருந்தது. அங்கே இறங்கிக் கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடித்தால் விடிவதற்குள் போய்விடலாம், தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரு தரம், கூப்பிடு பாப்பா, அம்மான்னாவது கூப்பிடு. அவள் கேட்டது அப்பாவை. அம்மா எப்போதும் கிடைக்கிறவள், கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் இடுப்பில் ஏதோ குத்தியது. வீட்டுச் சாவி. ஒரே சாவி. அவர் சாவி வைத்துக்கொள்வதில்லை, எந்தக் கதவையும் அவர் தட்டினதில்லை, அவள் முன்னால் போய்த் திறந்து விளக்கைப் போடுவாள், அவர் நுழைவார். இறங்கி ஓடிப்போய்ப் பரிமளாவிடம் கொடுத்துவிடலாம், நேரம் இருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கை சாவியைத் தடவியது. வீட்டுக்கு வருவார், பூட்டைப் பார்ப்பார். அவளிடம் கேட்க வேண்டும் என்றால் போன் போடணும். போன் போட்டால் பேசணும். பேசினால், விடியும்போதுதான் பேசினாலும், போனைக் கொண்டுபோய்ப் பாப்பா காதில் வைத்துவிடலாம். சாவி எங்கே என்றுதான் கேட்பார், கேட்கட்டும், அதுவும் அவர் குரல்தானே, மகள் அப்பா என்பாள், அவர் என்ன என்று கேட்காமலா போய்விடுவார். பெருமாளே, இதற்குத்தான் இடுப்பில் வைத்தாயா. டிரைவர் ஏறினார். அவள் இறங்கவில்லை.

புலிவலம் தாண்டினபோது போன் அடித்தது. பரிமளா.

"அக்கா! எங்கக்கா போனீங்க? பிளாஸ்க்கு எங்கிட்டதான் இருக்கு. ஐயா வந்துட்டாரு, பூட்டிக் கிடக்கு வீடு, வாசல்ல நிக்கிறாரு. சாவி உங்ககிட்டயா?"

"எங்கிட்டதான். கோயமுத்தூர் போறேன். தேன்மொழிக்குக் காலையில ஆபரேஷன்."

"ஐயையோ, என்னக்கா இது, சொல்லவே இல்லை..."

"அவர்கிட்ட போனைக் குடு பரிமளா. சாவியைப் பத்திப் பேசச் சொல்லு. என்ன பண்ணலாம்னு அவரே கேக்கட்டும்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரோ கனைத்தார்கள். அந்தக் கனைப்பு அவளுக்குத் தெரியும், மேடையேறுமுன் கனைக்கிற கனைப்பு. வேதவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், காது வலித்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டில் வயல்கள் ஓடின. பின் மறுபடியும் பரிமளாவின் குரல், தாழ்ந்து, கையால் மறைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"அக்கா... ஐயா பேசலைங்கிறாரு. எங்க வீட்டுல சுத்தியல் இருக்கான்னு கேக்குறாரு."